மோப்பக்காரி சொன்ன பேர்

"யார் வாரான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மைனி! ஊரே கேக்குது, நான் கேக்கக் கூடாதா?"

"வாறவன் மூஞ்சிய நீயே உக்காந்து பாத்துட்டுப் போ. பாய் தாரேன், தலகாணி தாரேன்."

"எங்கண்ணன் போயி இன்னும் வருசம் திரும்பல..."

"ஒங்கண்ணன் எனக்கு மட்டும் யாரு? அடுத்த வீட்டுக்காரனா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு ஊழியர் குடியிருப்பின் சி பிளாக் மாடிப்படி ஒரு நொடி மூச்சுப் பிடித்துக்கொண்டது. மேல் மாடியில் குணவதி தன் வாசலில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது பிளாஸ்டிக் செடி. ஆனாலும் கீழே யாராவது சத்தம் போட்டால் அதற்குத் தாகம் எடுத்துவிடும்.

கத்தியவள் பொன்செல்வி. செத்துப்போன லிங்கதுரையின் தங்கச்சி. பதில் சொன்னவள் அவன் பெண்டாட்டி பிரம்மசக்தி. லிங்கதுரை கள்ளிமுனை அணுமின் நிலையத்தில் எரிபொருள் மாற்றும் பிரிவில் வேலை பார்த்தவன். கடற்கரைச் சாலையில் ஒரு லாரிக்காரன் அவசரப்பட்டதில் பைக்கோடு போய்ச் சேர்ந்தான். அணுஉலை அவனை ஒன்றும் செய்யவில்லை என்பதை அன்றைக்கே நிர்வாகம் மூன்று முறை சொன்னது.

பொன்செல்வி மூக்கைச் சிந்திக்கொண்டே கிளம்பிப் போனாள். பிரம்மசக்தி கதவைச் சாத்தினாள். குணவதி மிச்சத் தண்ணீரையும் பிளாஸ்டிக் செடியின் தலையில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

இவ்வளவு கலவரத்துக்கும் காரணம் கழிப்பறையில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி.

அணுஉலையின் சூட்டைச் சுமந்துகொண்டு குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது கனநீர். அது எங்கேயாவது மயிரிழை கசிந்தாலும் உடனே தெரிந்தாக வேண்டும். குழாய்க்குக் குழாய் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். கசிவு வளர்ந்து ஆளான பிறகுதான் கருவிகள் வாயைத் திறந்தன. அப்போதுதான் தலைமையகத்தில் யாரோ ஒரு மகராசனுக்கு யோசனை வந்தது: குழாய் சொல்வதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடுமே! கனநீரில் ட்ரிடியம் என்றொரு கதிர்வீசும் சங்கதி ஊறிக் கிடக்கும். கசிந்த ஆவி ஒரு துளி மூச்சில் போனாலும் அது சிறுநீரில் வந்துவிடும். ஆகவே குடியிருப்பில் ஒரு கழிப்பறை பாக்கியில்லாமல் வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். அதற்கு ஒரு முழ நீளத்துக்கு அரசாங்கப் பெயர் உண்டு. ஜனங்கள் வைத்த பெயர் மோப்பக்காரி.

மோப்பக்காரி வேலையில் கெட்டிக்காரிதான். ஒவ்வோர் ஊழியரின் உடம்பிலும் அந்தச் சங்கதி ஏறி இறங்கும் விதத்தை ஒரு கோடாக வரைந்து வைத்துக்கொள்வாள். பம்புப் பக்கம் நிற்பவருக்கு ஒரு கோடு, வால்வுப் பக்கம் நிற்பவருக்கு வேறு கோடு. கைரேகை மாதிரி. கோடு புதிதாகத் துள்ளினால் அந்த ஆள் நிற்கும் இடத்தில் கசிவு என்று அர்த்தம். இது வரைக்கும் விஞ்ஞானம். ஆனால் வியர்வையும் மூச்சும் விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டா நடக்கின்றன? ஒருத்தரோடு நெருங்கிப் பழகுகிறவருக்கும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். போன வருஷம் ஸ்டோர் கிளார்க் வீட்டுப் பெட்டி, வால்வுப் பிரிவுக்காரர் ஒருவரின் பேரைச் சொன்னது. ரெண்டு குடும்பங்கள் ஒரே வாரத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வெவ்வேறு திசையில் போயின. அன்றிலிருந்து குடியிருப்பில் கோயிலுக்கு அடுத்தபடி பயபக்தி கழிப்பறைக்குத்தான்.

இப்போது பிரம்மசக்தி வீட்டுப் பெட்டி கூவியிருந்தது. நிலையத்துக்குள் காலடி வைக்காத ஒரு விதவையின் உடம்பில் ட்ரிடியம். வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்து பீரோவையும் பரணையும் குடைந்தார்கள். லிங்கதுரையின் பழைய கையுறை, உடுப்பு என்று ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஆள் இருக்க வேண்டும். நிலையத்து ஆள் யாரோ வந்து போகிறான். யார் என்று மாசக் கடைசிக்குள் அவளே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், புருஷன் போன வகையில் அவளுக்கு வரவேண்டிய வேலையையும் மறந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"பெட்டிதான் பேர் சொல்லுமே. அதுகிட்டயே கேட்டா என்ன?" என்றாள் குணவதி, மத்தியானம் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே.

அவள் புருஷன் ஆறுமுகநயினார் சாதாரண ஆள் இல்லை. அணுஉலையின் மிச்சச் சூட்டில் கடல்நீரைக் காய்ச்சி, குடியிருப்பு முழுக்கக் குடிநீராக அனுப்பும் பிரிவுக்கு அதிகாரி. வருஷா வருஷம் ஆண்டு விழா மேடையில் ஒரு தம்ளர் தண்ணீரை எல்லாரும் பார்க்கக் குடித்துக் கைதட்டு வாங்குகிறவர்.

"சொல்லிச்சு," என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

"யாராம்?"

"ஒனக்கு எதுக்கு?"

"சரி, வேண்டாம்," என்று குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குணவதி நகர்ந்தாள். குழம்பில்லாத சோற்றோடு ஆறுமுகநயினார் கொஞ்ச நேரம் போராடினார்.

"லிங்கதுரை," என்றார் கடைசியில்.

சட்டி கீழே விழவில்லை. அவள் அதைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அவன் செத்துல்லா போயிட்டான்."

"பெட்டிக்கு அது தெரியாதுல்லா. அவன் கோடு அதுகிட்ட இருக்கு. அச்சு அசலா அதே ஏத்தம், அதே எறக்கம். யார்கிட்டயும் சொல்லித் தொலையாத."

சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மாளிடம் மட்டும்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் குடியிருப்பு ரெண்டாகப் பிரிந்தது. எவனோ ஒருத்தன் தன் பேரை மறைக்கப் பெட்டியில் கைவைத்துவிட்டான் என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சி ஒன்றும் சொல்லவில்லை. கழிப்பறை நிலையில் எலுமிச்சம்பழம் மட்டும் கட்டியது. அதில் எம்.டெக் படித்தவர்கள் நிறைய.

குணவதிக்கு ரெண்டு கட்சியும் பிடிபடவில்லை. எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். மறுநாள் காலையிலேயே ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு பிரம்மசக்தி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கீரை ஆய ஆளில்லட்டி. ரெண்டு பேருமா ஆய்ஞ்சா பொழுதும் போவும்."

பிரம்மசக்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வேவு பாக்க வந்தியளாக்கா?"

"ஆமா," என்றாள் குணவதி. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அப்ப வாங்க."

அன்றிலிருந்து ஆறுமுகநயினாரின் ஜீப் தெருமுனை திரும்பியதும் குணவதி கீழே இறங்கிவிடுவாள். மத்தியானச் சாப்பாடே அங்கேதான். பிரம்மசக்தி வைக்கும் ரசத்துக்கு ஒரு மணம் உண்டு. காப்பி, மோர், வெயில் ஏறினால் சொம்பு நிறைய தண்ணீர். வேவு பார்ப்பது தாகமெடுக்கிற வேலை. வாசலையும் சன்னலையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததே தவிர ஒரு ஈ காக்கா வரவில்லை. பால்காரர்கூட வாசற்படி தாண்டுவதில்லை.

ஆனால் வேறொன்று இருந்தது. சாப்பிட உட்காரும்போது பிரம்மசக்தி மூன்று தட்டு வைத்தாள்.

முதல் நாள் குணவதி அதைக் கைத்தவறு என்று நினைத்தாள். அடுத்த நாளும் மூன்று. தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் தம்ளர். மின்விசிறி ஓடியது. அந்தத் தட்டின் மேல் கிடந்த அப்பளம் மட்டும் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்னட்டி இது?"

"பெட்டி சொல்லுதுல்லா, அவரு வாராருன்னு." பிரம்மசக்தி ரசம் ஊற்றினாள். "மொதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் வந்துச்சு. யாரு பேரச் சொல்லுதுன்னு தெரியாம அழுதேன். பேரு தெரிஞ்ச அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். இப்பம் அடுப்படியில நின்னா முதுகுக்குப் பின்னால இருக்காரு. திரும்ப மாட்டேன். திரும்பினா போயிருவாருல்லா."

"அப்ப இதையே அதிகாரியகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. யார் வாரான்னு கேட்டாக. எம் புருசன்னேன். வெளையாடுதியான்னு, மாசக் கடைசியில வீட்டைக் காலிபண்ணுன்னு தாளே குடுத்துட்டாக." அவள் சிரித்தாள். "இந்த வீட்ட விட்டுப் போனா அவருக்கு வழி தெரியுமாக்கா?"

குணவதி தன் தம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள். சப்பென்று இருந்தது, மழைத்தண்ணி மாதிரி. பல வருஷமாயிற்று இந்தத் தண்ணீர் குடித்து என்று ஒரு எண்ணம் ஓடியது, ஓடியே போய்விட்டது.

"குழாய்த் தண்ணியா குடிக்கிய?"

"பின்ன? எங்க ஊர்ல ஒரு கொடம் நல்லதண்ணிக்கு லாரி பின்னால ஓடுவோம். அவுகளுக்கும் அதே கததான். வீட்டுக்குள்ள திருகினா நல்லதண்ணி கொட்டுதேன்னு கல்யாணத்துக்குப் பெறகு ஒரு மாசம் ரெண்டு பேரும் அதை வேடிக்கை பாத்தோம்."

மாசம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தபோது குணவதி வீட்டுப் பெட்டி கூவியது.

செய்தியோடு வந்தவள் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி டெல்பின். உவரிப் பக்கத்துப் பெண். படிப்பில் சூட்டிகை, முகத்தில் எப்போதும் தூக்கக் கலக்கம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். ஆறுமுகநயினார் பேப்பரை மடித்தார்.

"பெட்டி பழுதாம்மா?"

"இல்ல சார். ஆன்ட்டிக்கு ஏறியிருக்கு."

"எங்கிட்ட இருந்து ஒட்டியிருக்கும்."

"அப்படின்னா பெட்டி கூவியிருக்காது சார். பொண்டாட்டி உடம்புல எது இருந்தாலும் அது புருஷன்கிட்ட இருந்து வந்ததுன்னு எடுத்துக்கோன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கோம். கணவர் நிழல்னு கழிச்சிரும். புருஷனுக்கு இருக்கிறதைவிடக் கூட இருந்தாத்தான் சத்தம் போடும். உங்க உடம்புல ஒண்ணுமே இல்ல சார்." டெல்பின் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். "பேரும் சொல்லுது."

"சொல்லித் தொல."

"லிங்கதுரை."

ஆறுமுகநயினார் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சந்தேகம், பயம், கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

"என்ன அப்படிப் பாக்குதிய?" என்றாள் குணவதி. "அம்பது வயசுக்கு மேல எனக்குப் பேய்ப் புருசன் கேக்குதாக்கும்?"

சொல்லிவிட்டாளே தவிர, முதுகில் ஏதோ ஊர்ந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த மூன்றாவது தட்டும் ஆடிய அப்பளமும் கண்ணில் நின்றன. வாசல் வரை கூடவே வந்துவிட்டானோ?

"ஆன்ட்டி, அவங்க வீட்டுக்குத் தினம் போறீங்களாமே. அங்க எதைத் தொட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க?"

"கீரை நான் கொண்டு போனது. ரசம். காப்பி, மோர்."

"காப்பித்தூள், தயிர் எல்லாம் சோதிச்சாச்சு. வேற?"

"வேற என்ன, தண்ணி. சொம்பு சொம்பாக் குடிச்சேன்."

"தண்ணிய விடுங்க. ஊர் முழுக்க ஒரே குழாய்தானே? தண்ணியில இருந்தா எல்லா வீட்டுப் பெட்டியும் சேர்ந்து கூவியிருக்கணும். அதனாலதான் முதல் நாளே தண்ணி இல்லைன்னு எழுதிட்டோம்."

ஆறுமுகநயினாரின் கண் அடுப்படித் திரைப்பக்கம் போய், சட்டென்று திரும்பி வந்தது. அதைக் குணவதி பார்த்தாள். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள் என்பதை அவரும் பார்த்தார். தலையை மெல்ல, வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை.

வாயைத் திறந்தால் இவருடைய நாற்காலி போகும். மூடிக்கொண்டால் கீழ்வீட்டுக்காரி தெருவுக்குப் போவாள், தன் பேரும் சேர்ந்தே நாறும். இதெல்லாம் குணவதிக்கு விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. திறந்தால் பிரம்மசக்தியின் அடுப்படியில் நிற்பவனும் போய்விடுவான்.

"எங்க வீட்ல அந்தத் தண்ணி குடிக்கிறதில்லம்மா," என்றாள்.

"குணா!"

அவள் எழுந்து திரையை விலக்கினாள். கோணிப்பை உடுத்திய குடிதண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. "பால் வண்டிக்குள்ள வச்சு வரும். எல்லா வீட்டுக்கும். டைரக்டர் பங்களாவுக்கும்தான். வாய் கொப்பளிக்க, பாத்திரம் கழுவ குழாய்த் தண்ணி. வாய்க்குள்ள போறது கேன். குடிநீர் அதிகாரி வீட்டுக்கே கேன் போவுதுன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? மேடையில இவுக குடிக்கிற தம்ளர்லயும் நான்தான் ஊத்திக் குடுப்பேன்."

ஆறுமுகநயினார் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

டெல்பினின் முகத்தில் இருந்த தூக்கம் போய்விட்டது. "எங்க ஹாஸ்டல்லயும் கேன்தான் ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. "அப்ப இந்த ஊர்ல நம்ம தண்ணியக் குடிக்கிறது..."

"அவ ஒருத்திதான். முன்னால ரெண்டு பேரு."

"முன்னால ரெண்டு பேரு," என்று டெல்பின் திருப்பிச் சொன்னாள். கையிலிருந்த கருவியைத் தட்டித் தட்டி எதையோ தேடினாள். ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோட்டை வைத்தாள். ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

"என்னம்மா அது?"

"கீழ இருக்கிறது உலையோட சூடு ஏறி எறங்கின கோடு. மேல இருக்கிறது லிங்கதுரை அண்ணனோட கோடு." அவள் கருவியைக் குணவதி பக்கம் திருப்பினாள். "இது அவரு கோடே இல்ல ஆன்ட்டி. அவரு உயிரோட இருக்கும்போதே கசிவு இருந்திருக்கு. கொதிகலன்ல ஒரு சுவரு, குடிநீர்ப் பக்கம் ஒரு சுவரு, ரெண்டுலயும் மயிரிழை விட்டு, கனநீர் குழாய்த் தண்ணியில கலந்திருக்கு. அவரு உடம்புல ஏறினது வேலையிலேருந்துன்னு நினைச்சோம். அக்கா உடம்புல இருந்ததைக் கணவர் நிழல்னு கழிச்சோம். கணவர் போயிட்டாரு. கழிக்க ஆளில்லாமப் போனதும் பெட்டி கூவுது."

"ஆவத்தாம்மா?"

"குடிச்ச அளவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கோடு மேல ஏறிட்டே போகுது. அந்த மயிரிழை ஒரு நாள் விரிஞ்சா..." அதற்கு மேல் சொல்லாமல் போனை எடுத்தாள்.

அன்று சாயங்காலமே உலையை நிறுத்தினார்கள். டெல்பின் சொன்ன இரண்டு இடத்திலும் விரிசல் இருந்தது. பிரம்மசக்திக்குக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேலைக்கான உத்தரவை டைரக்டரே கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். பொன்செல்வி ஒரு தூக்குவாளி நிறைய அதிரசத்தோடு வந்து, மைனியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

பிரம்மசக்தி அழவில்லை. மாடியேறி வந்து குணவதியின் வாசலில் நின்றாள்.

"ஏன்க்கா சொன்னிய?"

"வீடு போயிருமேட்டி. வேலை போயிருமே."

"வீடு இருக்கு. வேலையும் இருக்கு." அவள் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். "இப்பம் அடுப்படியில திரும்பித் திரும்பிப் பாக்கேன். யாருமில்ல."

குணவதி பிளாஸ்டிக் செடியின் இலைகளை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

குடிநீர்த் தொட்டியைக் காலிசெய்யப் போவதாக ஒலிபெருக்கியில் சொன்னபோது ஊரே, தாங்கள் குடித்திராத தண்ணீருக்காகத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. பிரம்மசக்தி மட்டும் வீட்டிலிருந்த குடத்தையெல்லாம் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு மடக்கு. டெல்பின் ஒருநாள் வந்தாள், குடங்களைப் பார்த்தாள். "இதுல கெடுதல் பெரிசா இல்லக்கா. நல்லதும் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்த வீட்டுப் பெட்டி கூவவே இல்லை. என்ன செய்தாள் என்று குணவதி எவ்வளவோ துருவிப் பார்த்தாள். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

ஆறுமுகநயினாரை வடக்கே ஒரு தலைமையக மூலைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு மேசை உண்டு, வேலை கிடையாது. ஒரு பருவம் குணவதியோடு பேசாமல் இருந்தார். பிறகு அந்த ஊர்க் குளிரில் பேச வேறு ஆளில்லாமல் பேசினார். டெல்பின் கப்பல் வேலைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கொச்சிக்குப் போய்விட்டாள். பொன்செல்வியைத் தென்காசியில் கொடுத்திருக்கிறது. மாமியாரோடு சண்டை போடக் குரல் அப்படியே இருக்கிறதாம்.

பிரம்மசக்தியும் போன தை மாசம் மறுகல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார், முதல் தாரத்தைப் பறிகொடுத்தவர். அதிகம் பேசாத மனுஷர். செய்தியைப் போனில் சொன்னது பழைய எதிர்வீட்டு அம்மாள்.

புடவை என்ன நிறம், விருந்தில் என்ன பாயசம் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குணவதி குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கொடத்தையெல்லாம் என்ன செஞ்சா?"

"மிச்சம் கிடந்த ரெண்டையும் டெம்போல ஏத்திக் கொண்டு போயிட்டா. என்ன தண்ணி, எதுக்குன்னு அந்த மனுசன் ஒரு வார்த்தை கேக்கலியே! ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சு, மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வழியில பள்ளம் வந்தா சிந்திருமாம்."